ஆள்பலம்: அன்னா ரோசன்பர்க்கும் போரின் கணக்கும்

1

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். போரும் பெண்களும் என்ற தலைப்பில் நான் பேசியிருந்தேன். கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு இளைஞர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் தோழர், ராணுவத்தையே பொம்பளைங்க கையில குடுத்துட்டா சண்டை இல்லாமப் போயிருமா?" நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற மூத்த தோழர் முந்திக்கொண்டார்: "தாட்சர் கையிலதானப்பா நாடே இருந்துச்சு. 1982ல ஃபாக்லாந்துல என்ன நடந்துச்சு?" எல்லோரும் சிரித்தோம். விவாதம் முடிந்துபோனது.

முடிந்திருக்கக் கூடாது என்று ஊர் திரும்பும் பஸ்ஸில் பட்டது. இளைஞரின் கேள்வி, மூத்த தோழரின் பதில் இரண்டுமே ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டும் பெண்ணின் குணத்தைப் பற்றிய வாதங்கள். பெண் இயல்பிலேயே சாந்தமானவள், அவள் வந்தால் துப்பாக்கி அடங்கும் என்கிறது ஒன்று. அதெல்லாம் கிடையாது, அதிகாரம் கைக்கு வந்தால் பெண்ணும் ஆணைப் போலத்தான் என்கிறது மற்றது. அந்த நாற்காலி என்ன வேலை செய்கிறது, ஒரு பெண்ணுக்காக அது எப்போது, எதற்காகக் காலி செய்யப்படுகிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

பிரதமர்களை வைத்துப் பேசும்போது இந்தக் கேள்வி கை நழுவிப் போய்விடுகிறது. கட்சி, தேர்தல், தனிமனிதக் கவர்ச்சி என்று ஆயிரம் விஷயங்கள் குறுக்கே வரும். போரை நிர்வகிக்கும் அலுவலகத்துக்குள்ளே, சீருடை இல்லாமல், ஃபைல்களோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால் விஷயம் துலங்கும். அப்படி ஒருவர் அன்னா ரோசன்பர்க். 1950 நவம்பரிலிருந்து 1953 ஜனவரி வரை, கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் உதவிச் செயலராக இருந்தவர். அங்கே செயலர் என்றால் நம் ஊர் மந்திரி மாதிரி. உதவிச் செயலர் என்பவர் அவருக்குக் கீழே ஒரு முழுப் பிரிவுக்குப் பொறுப்பாளி. அதுவரை அந்நாட்டு ராணுவ நிர்வாகத்தில் இவ்வளவு உயரத்துக்கு எந்தப் பெண்ணும் போனதில்லை. அவர் பிரிவின் பெயர் ஆள்பலம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழில் 'ஆள்' என்பது பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ஆள் என்றால் மனிதர். ஆள் என்றால் ஆட்சி செய். ஆட்களை எண்ணுவதும் ஆட்களை ஆளுவதும் ஒன்றுக்குள் ஒன்று என்பதை மொழி தன் போக்கில் சொல்லி வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதை ஒட்டித்தான்.

2

அன்னா அமெரிக்காவில் பிறந்தவரல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, 1912-இல் சிறுமியாக நியூயார்க்குக்கு வந்தவர். கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது. 1919-இல் திருமணம், அதே ஆண்டில் குடியுரிமை. 1920களின் நடுவில் சொந்தமாக ஒரு ஆலோசனை அலுவலகம் தொடங்குகிறார். தொழிலாளர் தகராறுகளில் முதலாளிக்கும் சங்கத்துக்கும் நடுவே உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் தொழில். இரண்டு தரப்பையும் தெரிந்தவர், இரண்டு தரப்பும் நம்புகிறவர் என்ற பெயர் கிடைக்கிறது.

ரூஸ்வெல்ட்டின் ஆட்சி வந்ததும் இந்தத் திறமைக்கு அரசாங்கத்தில் இடம் கிடைத்தது. 1930களில் தேசியத் தொழில் மீட்பு நிர்வாகத்திலும், 1936 முதல் சமூகப் பாதுகாப்பு வாரியத்தின் நியூயார்க் வட்டாரத்திலும் பொறுப்பு வகித்தார். 1941-இல் ஆயுதத் தொழிற்சாலைகள் கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்தபோது, தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் ஒரு லட்சம் பேரோடு வாஷிங்டனுக்கு ஊர்வலம் வரப்போவதாக அறிவித்தார். ரூஸ்வெல்ட் நடுங்கிப்போனார். ஊர்வலத்தைத் தவிர்க்க நடந்த பேச்சுவார்த்தைகளில் இருந்தவர்களில் அன்னாவும் ஒருவர். 1941 ஜூன் 25-ஆம் தேதி, போர்த் தொழில்களில் நிற, மத, இன பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802-ஆம் எண் ஆணை வெளிவந்தது, ஊர்வலம் கைவிடப்பட்டது. ஆணை கிடைத்ததை வெற்றி என்றும் சொல்லலாம், ஊர்வலம் நின்றதை நஷ்டம் என்றும் சொல்லலாம். அன்னாவின் வாழ்க்கை முழுக்க இந்த இரட்டைக் கணக்கு கூடவே வருகிறது.

போர்க்காலத்தில் அவர் போர் ஆள்பல ஆணையத்தின் நியூயார்க் வட்டார இயக்குநர். பஃபலோ நகரத் தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை வந்தபோது அவர் அமைத்த ஏற்பாடு 'பஃபலோ திட்டம்' என்றே பெயர் பெற்றது. தொழிலாளி தன் இஷ்டத்துக்கு வேலை தேடுவதற்குப் பதில், போருக்கு எந்தத் தொழிற்சாலை அவசரமோ அதற்கு முதலில் ஆள் போகும்படி வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் திருப்பிவிடுவது அதன் சாரம். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் தூதராக ஐரோப்பியப் போர்முனைக்குப் போய்ச் சிப்பாய்களிடம் போருக்குப் பிந்திய வாழ்க்கை குறித்துக் கேட்டறிந்தார். 1945-இல் சுதந்திரப் பதக்கம். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்த வரலாற்றை விரித்ததற்குக் காரணம் உண்டு. அவர் திடீரென்று ராணுவத்துக்குள் வந்து விழுந்தவரல்ல. ஆலை, ஓய்வூதியம், வேலைவாய்ப்பு என்று மனிதர்களைக் கணக்கெடுத்துப் பங்கிடுகிற நலவாழ்வு அரசின் துறைகள் வழியாக வந்தார். நலத்துறையிலிருந்து போர்த்துறைக்குப் போக அவர் புதிய வித்தை எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. ஃபூக்கோ தன் பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியில் (1976) நவீன அரசைப் பற்றிச் சொல்வது இங்கே பொருந்துகிறது. பழைய மன்னனின் அதிகாரம் கொல்வதில் இருந்தது. நவீன அதிகாரம் உயிர்களைப் பேணுவதில், பெருக்குவதில், எண்ணுவதில் இருக்கிறது. அந்த அதிகாரம்தான் இதுவரை இல்லாத அளவு பெரிய போர்களை நடத்துகிறது, அதுவும் 'மக்கள் உயிர்வாழ' என்ற பெயரில். பேணுகிற கையும் அனுப்புகிற கையும் ஒன்றுதான் என்பதற்கு அன்னாவின் உத்தியோகப் பதிவேடே ஒரு சான்று.

3

1950 ஜூனில் கொரியாவில் போர் தொடங்குகிறது. செப்டம்பரில் முன்னாள் ராணுவத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் பாதுகாப்புச் செயலராகிறார். ஆள்பலப் பொறுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் அன்னா. செனட்டின் ஆயுதப் படைக் குழு முதலில் ஒப்புதல் தந்துவிட்டது. பிறகுதான் புயல் கிளம்பியது. யூத வெறுப்புப் பிரச்சாரகர் ஜெரால்ட் எல். கே. ஸ்மித் வகையறாக்கள் புலம்பெயர்ந்து வந்த ஒரு யூதப் பெண்ணிடம் நம் பிள்ளைகளை ஒப்படைப்பதா என்று கிளம்பினார்கள். ரால்ஃப் டி சோலா என்பவர், 1930களில் ஜான் ரீட் மன்றக் கூட்டங்களில் இந்த அன்னா ரோசன்பர்க்கைப் பார்த்தேன், இவர் கம்யூனிஸ்ட் என்று சாட்சி சொன்னார். டிசம்பர் மாதம் விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. டி சோலா குழுவின் முன்னிலையில் நேருக்கு நேர் அவரைப் பார்த்து, இவர்தான் என்று அடையாளம் காட்டினார்.

இந்த இதழை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜான் ரீட் மன்றம் ஆயுதக் குழு எதுவுமில்லை. 1929-இல் தொடங்கப்பட்ட இடதுசாரி எழுத்தாளர்கள், ஓவியர்களின் அமைப்பு. அதன் நியூயார்க் கிளையின் சிறுபத்திரிகையாகத்தான் 1934-இல் 'பார்ட்டிசான் ரிவ்யூ' பிறந்தது. ஆக, நாட்டின் ராணுவத்தில் ஒருவர் பொறுப்பேற்கத் தகுதியா என்று பார்க்க, பதினைந்து வருடத்துக்கு முன் அவர் ஒரு சிறுபத்திரிகைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாரா என்று விசாரித்திருக்கிறார்கள். நம் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

டி சோலா துணைக்கு அழைத்த ஆட்கள் அவர் சொன்னதை உறுதிப்படுத்தவில்லை. கடைசியில் எஃப்.பி.ஐ. கலிஃபோர்னியாவில் வேறொரு அன்னா ரோசன்பர்க்கைக் கண்டுபிடித்தது. அந்த மன்றத்துக்குப் போனவர் அவர். நம் ஊரில் லட்சுமி, சரஸ்வதி மாதிரி, அந்தக் காலத்து நியூயார்க் யூதர்களிடையே புழங்கிய சாதாரணப் பெயர் அது. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அன்னாவின் கணவர் பெயர் ஜூலியஸ் ரோசன்பர்க். அணு ரகசியத்தைச் சோவியத்துக்குத் தந்ததாக அதே 1950-இல் கைதாகி, மனைவி எத்தலோடு 1953-இல் மின் நாற்காலியில் கொல்லப்பட்டவர் பெயரும் அதுவேதான். இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லை. ஒரு பெயர், அதே ஆண்டில் ஒருவரை மரண தண்டனையை நோக்கியும் இன்னொருவரைப் போர் அலுவலகத்தை நோக்கியும் நடத்திக்கொண்டு போனது.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித் தன்மையது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே அந்த இடுகுறித் தன்மைக்கு ஒரு உயிரின் விலை இருக்கிறது. அல்தூசர் சொல்லும் போலீஸ்காரர் தெருவில் "ஏய்!" என்று கூப்பிடுகிறார், திரும்பிப் பார்க்கிறவர் அந்தக் கணத்திலேயே அரசின் குடிமகனாகிவிடுகிறார். டி சோலாவின் விரல் தவறான ஆளைக் கூப்பிட்டது. ஆனால் தவறான ஆள்கூடப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. "நான் அவள் இல்லை" என்பதுதான் அந்தப் பதில்.

அந்தப் பதில் உண்மை, நியாயம். அன்னாவுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தப் பதில் குற்றத்தை அப்படியே விட்டுவைக்கிறது. கூட்டத்துக்குப் போவது குற்றமில்லை என்று அந்த அறையில் யாரும் வாதாடவில்லை. போனது இவர் இல்லை என்றுதான் நிரூபித்தார்கள். செனட் டிசம்பர் இறுதிக்குள் நியமனத்தை உறுதிசெய்தது. மார்ஷல் கடைசிவரை பின்வாங்கவில்லை. நீதி வென்றது என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. எனக்கு மனம் அந்தக் கலிஃபோர்னியாப் பெண்ணிடம்தான் போகிறது. பத்திரிகை படித்தார், கூட்டத்துக்குப் போனார். ஒரு அன்னா உள்ளே போவதற்காக இன்னொரு அன்னாவை ஃபைலில் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். உள்ளே போகும் பெண்ணுக்கு அரசு போடும் முதல் நிபந்தனை இது: வெளியே நிற்கும் பெண் நானில்லை என்று சொல்லிவிட்டு வா.

4

சரி, உள்ளே போய் என்ன செய்தார்? 1950 ஜூனில் அமெரிக்கப் படைகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 14.6 லட்சம். ஓராண்டில் அது 32 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை ஆட்களை எங்கிருந்து எடுப்பது, எந்த வயதில் எடுப்பது, யாருக்கு விலக்குக் கொடுப்பது, எத்தனை மாதம் வைத்திருப்பது, எந்தப் படைக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதெல்லாம் அன்னாவின் மேஜைக்கு வந்தது.

1951 தொடக்கத்தில் பாதுகாப்புத் துறை 18 வயதிலேயே ஆள் எடுக்க அனுமதி கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனது. அதை ஆதரித்து வாதாடியவர்களில் அன்னாவும் ஒருவர். 18 வயதுப் பையன் என்றால் பெண்டாட்டி பிள்ளை இருக்காது, வேலையில் நிலைத்திருக்கமாட்டான், நாட்டின் உற்பத்திக்கு நஷ்டம் குறைவு. கணக்கு சரிதான். நாடாளுமன்றம் பேரம் பேசி 18½ வயது, 24 மாத சேவை என்று 1951 ஜூனில் சட்டம் ஆக்கியது. அதே ஆண்டில் கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வு வைத்தும், வகுப்பில் பெற்ற இடத்தைப் பார்த்தும் விலக்குத் தரும் முறையும் வந்தது. எந்த வீட்டுப் பையன் கல்லூரியில் இருப்பான், எந்த வீட்டுப் பையன் ஆலையிலோ வயலிலோ இருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இங்கே ஒக்கூர் மாசாத்தியாரின் 279-ஆம் புறப்பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. முதல் நாள் அண்ணனும் மறுநாள் கணவனும் போரில் இறந்த பிறகு, மூன்றாவது முறை பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவி வேலைக் கையில் கொடுத்து அனுப்பும் தாய். இரண்டாயிரம் வருடமாக இவளை நாம் மறக்குடி மகளிர் என்று வகுப்பறையில் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். போரில் பெண்ணுக்கு இலக்கியம் ஒதுக்கிய இடம் அனுப்பி வைக்கும் இடம். அந்த மறத்தாய் அனுப்பியது தன் மகனை. இழப்பு அவள் வீட்டில் விழும். பாதுகாப்புத் துறை அனுப்பியது பட்டியலை. அதில் இழப்பு சதவீதமாக விழும். கொரியப் போரில் அமெரிக்கர்கள் சுமார் 36,000 பேரும் கொரியர்கள் லட்சக்கணக்கிலும் செத்தார்கள். ஆள்பலக் கணக்கில் முதல் எண் உண்டு. இரண்டாவது எண் அந்தப் பேரேட்டிலேயே வராது; அவர்கள் வேறு யாருடைய ஆட்களோ.

5

ஆனால் இதே கணக்கிலிருந்துதான் இன்னொரு விஷயமும் பிறந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் செய்வது விமர்சனமாகாது.

படைகளில் நிறப் பாகுபாட்டை நீக்கச் சொல்லி ட்ரூமன் 1948 ஜூலை 26-ஆம் தேதி 9981-ஆம் எண் ஆணை போட்டிருந்தார். தரைப்படை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு, சேர்க்கையில் பத்துச் சதவீத வரம்பு என்று பழையபடியே போய்க்கொண்டிருந்தது. வரம்பு 1950 வசந்தத்தில் நீங்கியது. போர் வந்ததும் கறுப்பின இளைஞர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். தனிப் பிரிவுகள் நிரம்பி வழிந்தன. கொரியாவிலோ வெள்ளையர் பிரிவுகளில் செத்தவர்கள் இடத்தை நிரப்ப ஆள் இல்லை. தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் பயிற்சி முகாமில் 1950 ஆகஸ்டில் வந்து குவிந்தவர்களை நிறம் பார்த்துப் பிரிப்பது சாத்தியமே இல்லாமல் போய், ஒன்றாகவே பயிற்சி கொடுத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அன்னாவின் பிரிவு இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. தரைப்படை சொல்லிக்கொண்டிருந்த சாக்குகளில் ஒன்று, படிப்புக் குறைந்தவர்களை எல்லாம் எங்கள் தலையிலேயே கட்டுகிறீர்கள் என்பது. 1951-இல், தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை எல்லாப் படைகளும் சமமாகப் பங்கிட்டு ஏற்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. சாக்கு போனது. கலப்புப் பிரிவுகள் எப்படிச் சண்டையிடுகின்றன என்று ஆராய 'கிளியர் திட்டம்' என்ற ஆய்வு நடந்தது; கலப்பு வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. கொரியாவில் தளபதி ரிட்ஜ்வே 1951 மே மாதம் கலப்புக்கு அனுமதி கேட்டார், ஜூலையில் கிடைத்தது. 24-ஆம் காலாட்படைப் பிரிவு என்ற பழைய கறுப்பினப் படை 1951 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டது. 1954-க்குள் தனிப் பிரிவுகளே இல்லாமல் போயின. பள்ளிக்கூடங்களில் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே 1954-இல்தான். நாட்டின் தென் மாநில பஸ்களில் பின் ஸீட்டுக்குத் துரத்தப்பட்ட ஒருவர், பதுங்கு குழியில் வெள்ளைக்காரர் பக்கத்தில் சமமாகப் படுத்திருந்தார்.

இதை எப்படி வாசிப்பது? சமத்துவம் நியாயத்தின் பெயரில் கேட்கப்பட்டபோது கிடைக்கவில்லை. சிக்கனத்தின் பெயரில் வந்தபோது கிடைத்தது. இரண்டு தனி சமையலறை, இரண்டு தனி முகாம், ஒன்றில் ஆள் மிச்சம், ஒன்றில் ஆள் பற்றாக்குறை என்பது கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு வீண் செலவு. அன்னா அந்தக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர். 1941-இலிருந்தே அவருக்கு நிறப் பாகுபாட்டின் மேல் கோபமும் இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் அவர் கோபத்தால் மட்டும் கதவு திறந்திருக்காது. கோபம் சிக்கனத்தின் மொழியில் பேசக் கற்றுக்கொண்டதால் திறந்தது.

இதைச் சொன்னால் நம் தோழர்களில் ஒரு சாரார் உடனே, "அப்ப இது போலிச் சமத்துவம்தானே?" என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தனிக் குவளை எடுக்கப்பட்டது எந்தக் காரணத்துக்காக என்று, தனிக் குவளையில் குடித்தவரிடம் போய் நாம் பாடம் நடத்த முடியாது. கிடைத்தது நிஜம். கூடவே, அது எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதும் நிஜம். சாவதில் சமம் என்ற உரிமைதான் முதலில் வந்தது. வாழ்வதில் சமம் என்பதற்கு அவர்கள் பிறகு தெருவில் இறங்க வேண்டியிருந்தது. ராண்டால்ஃபின் நின்றுபோன ஊர்வலம் 1963-இல் நடந்தே தீர்ந்தது.

6

பெண்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரிகிறது.

1948 சட்டம் பெண்களைப் படைகளின் நிரந்தர உறுப்பாக்கியது. கூடவே, மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் பெண்கள் கூடாது, ஒரு படைக்கு ஒரே ஒரு கர்னல்தான், ஜெனரல் கிடையாது என்று வேலியும் போட்டது. கொரியாவுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அலுவலக வேலைகளுக்குப் பெண்களை எடுத்துக்கொண்டால் அத்தனை ஆண்களைப் போர்முனைக்கு விடுவிக்கலாம் என்ற கணக்கு வந்தது. 1951-இல் மார்ஷலும் அன்னாவும் சேர்ந்து ஐம்பது பெண்கள் கொண்ட ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். தொழில் செய்கிறவர்கள், கல்வித் துறையினர், சமூக சேவையில் பெயர் பெற்றவர்கள். படைகளில் பெண்களுக்கான ஆலோசனைக் குழு என்று பெயர். பெண்களின் எண்ணிக்கையைச் சுமார் 40,000-இலிருந்து 1,12,000 ஆக்க வேண்டும் என்று நவம்பரில் பெரிய பிரச்சாரம் தொடங்கியது. படுதோல்வி. எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

ஏன்? போர் மக்களுக்குப் பிடிக்காத போர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த ஆண்டின் ஆணைகளுக்குள்ளேயே கிடக்கிறது. 1951 ஏப்ரலில் ட்ரூமன் 10240-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். படையில் உள்ள பெண் கர்ப்பமானால், குழந்தை பெற்றால், தத்தெடுத்தால், கணவனின் முந்தைய குழந்தை வீட்டில் தங்கி வளர்ந்தால்கூட, அவளை வேலையிலிருந்து நீக்க அது அதிகாரம் தந்தது. அன்னா ஆள்பலத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில்தான் இது நடந்தது. ஒரு கையால் வா என்று கூப்பிட்டு, இன்னொரு கையால் உன் உடம்பை வெளியே வைத்துவிட்டு வா என்று சொன்னார்கள். அன்னா அப்போதே ஒரு பையனுக்குத் தாய். சீருடை போடாத உயர் அதிகாரியாக இருந்ததால் அந்த ஆணை அவரைத் தொடாது. சீருடை போட்ட தட்டச்சுக்காரியைத் தொடும். பெண் என்பது ஒரே வகைப்பாடு இல்லை என்று பெண்ணியத்துக்குள்ளேயே பலகாலமாக நாம் வாதாடிவருவதை இந்த ஒரு ஆணை காட்டிவிடுகிறது. கட்டாயமாக நீக்கும் வழக்கத்தை 1975-இல்தான் பாதுகாப்புத் துறை கைவிட்டது. இரண்டு சதவீத வரம்பு 1967-இல் போனது. அப்போது வியட்நாமுக்கு ஆள் தேவைப்பட்டது. தற்செயல் என்று நினைக்க முடியவில்லை.

சிந்தியா என்லோ 1983-இல் எழுதிய காக்கியைப் பற்றிய நூலில் இதைத்தான் விரிவாகப் பேசுகிறார்: ராணுவத்துக்குப் பெண்கள் தேவை, ஆனால் தான் சொல்லும் இடத்தில், தான் சொல்லும் அளவில் தேவை. வர்ஜீனியா உல்ஃப் 1938-லேயே வேறொரு பதிலைச் சொல்லியிருந்தார். படித்த வர்க்கத்தின் மகள்கள் அந்த ஊர்வலத்தில் சேராமல் 'வெளியாட்களின் சங்கம்' அமைக்கட்டும் என்றார். கௌரவங்களை மறுத்து, ஆயுதத்தில் கை வைக்காமல், வெளியே நிற்பது.

உல்ஃபின் பக்கம் போய்விட எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குக் குழுவில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், பாலியல் புகார் விசாரிக்கும் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். சட்டப்படி பெண்கள் இருந்தாக வேண்டும் என்பதால் கூப்பிட்டார்கள். ஒரு புகாரில், எங்கள் கையெழுத்து வந்த பிறகு அறிக்கையின் வாசகம் மாறிப்போயிருந்ததைப் பார்த்தேன். சண்டை போட்டேன். "மேடம், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் அதே குழுவில், இன்னொரு புகாரில், ஒரு மாணவி படிப்பை விட்டுப் போகாமல் தடுக்க முடிந்தது. அந்தப் பெண் இன்றைக்கு ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நான் வெளியே நின்றிருந்தால் அவளும் வெளியேதான் போயிருப்பாள். இரண்டையும் ஒரே கையெழுத்துதான் செய்தது.

7

அன்னா 1953 ஜனவரியில் ட்ரூமன் ஆட்சியோடு பதவியை விட்டு, தன் பழைய தொழிலுக்கே திரும்பினார், 1983-இல் இறந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பாதையில் பலர் போனார்கள். 1993-இல் ஷீலா விட்னால் விமானப் படைச் செயலரானார். ஒரு படைக்கே பெண் தலைமை வகித்தது அதுதான் முதல் முறை. 2021-இல் கிறிஸ்டின் வோர்முத் தரைப்படையின் முதல் பெண் செயலரானார். அதே ஆண்டு கேத்லீன் ஹிக்ஸ் பாதுகாப்புத் துறையின் இரண்டாம் இடத்துக்கு வந்தார். இருவருமே 2025 ஜனவரி வரை இருந்தார்கள். இவர்களில் யாரும் போரை நிறுத்தவில்லை. யாரையும் அதற்காக நியமிக்கவும் இல்லை.

2025 செப்டம்பரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 1949 முதல் பாதுகாப்புத் துறை என்று அழைக்கப்பட்டுவந்த அலுவலகத்துக்குப் 'போர்த் துறை' என்ற பழைய பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்று அதிபர் ஆணை வந்தது. அதே மாதத்தில், 1951-இல் அன்னாவின் காலத்தில் தொடங்கிய அந்தப் பெண்கள் ஆலோசனைக் குழு கலைக்கப்பட்டது. எழுபத்துநான்கு வருடம் உயிரோடிருந்த குழுவுக்கு ஒரே ஒரு அறிவிப்பு போதுமாக இருந்தது. தேவையின் பெயரில் கொடுக்கப்பட்டது, தேவையில்லை என்று சொல்லித் திரும்ப எடுக்கப்பட்டது.

டீக்கடையில் அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லிப் பார்க்கிறேன். இல்லை தோழர், சண்டை நிற்காது. ஆனால் மூத்த தோழர் சொன்ன மாதிரி எல்லாம் ஒன்றுதான் என்றும் ஆகிவிடாது. உள்ளே போகிற பெண்ணிடமிருந்து சில பேர் நிஜமாகவே பலன் பெறுகிறார்கள்; அந்தப் பலனை அவர் எந்தக் கணக்கில் எழுதி வாங்கினார் என்பதைப் பொறுத்து அது நிற்கும் அல்லது போகும். ராண்டால்ஃபின் ஆட்களுக்கு வெளியே ஊர்வலம் என்ற ஒன்று இருந்தது. 1941-இல் நின்றாலும் 1963-இல் நடத்த முடிந்தது. 1951-இன் ஐம்பது பெண்கள் அமர்ந்த நாற்காலிகளோ நியமனத்தில் வந்தவை. உள்ளே போகிறவர்களை நாம் கேட்க வேண்டியது, அங்கே போய் நீங்கள் நல்லவராக இருந்தீர்களா என்பதை அல்ல. போகும்போது வாசலில் யாரைக் காட்டி "நான் அவள் இல்லை" என்று சொன்னீர்கள் என்பதைத்தான்.